ஒத்திசைவுக்குக் 'காப்பு' என்று பெயரிட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
கட்டணச் சந்தாவில் உள்ள வாடிக்கையாளர்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கோப்புச் சேமிப்புச் சேவைப் பிரிவு

பொருள்: தங்கள் செயலியில் 'காப்பு' என்ற சொல் தவறான பொருளில் இடப்பட்டதால் கோப்புகளை இழந்தமை – விளக்கமும் திருத்தமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் கோப்புச் சேமிப்புச் சேவைக்கு நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் கட்டணம் செலுத்தி வருகிறேன். என் தந்தையார் எழுதிவைத்த நாட்குறிப்புகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, 2,140 படக்கோப்புகளாகத் தங்கள் சேவையில் சேர்த்து வைத்திருந்தேன். தாள்கள் தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிட்டதால்தான் படமெடுத்தேன். எடுத்து முடித்த சில மாதங்களில் அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்தும் போயிற்று. இன்று அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தங்கள் சர்வரில் இல்லை. என் கைப்பேசியிலும் கணினியிலும் இல்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை, எவரும் என் கணக்கில் ஊடுருவவில்லை, கடவுச்சொல்லும் களவு போகவில்லை. தங்கள் செயலியின் முகப்பில் இருந்த ஒரு சொல்லை அதன் பொருளிலேயே எடுத்துக்கொண்டேன், அதனால் போயின.

நடந்தது இதுதான். கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வந்தது. எதை நீக்கலாம் என்று பார்ப்பதற்கு முன், எச்சரிக்கையாகத் தங்கள் செயலியைத் திறந்தேன். 'எல்லாக் கோப்புகளும் காப்பில் உள்ளன' என்ற வரியும் அதன் அருகே பச்சை நிறச் சரிக்குறியும் இருந்தன. காப்பில் ஒரு நகல் இருக்கிறது என்றால் கையில் இருப்பதை நீக்கலாம் என்பதுதானே அந்தச் சொல்லின் பொருள்? கைப்பேசியில் இருந்த அந்தக் கோப்புறையை நீக்கினேன். அடுத்த சில நிமிடங்களில் தங்கள் சர்வரும் அதை நீக்கிவிட்டது. வீட்டில் இருந்த கணினி இணையத்தில் இணைந்தவுடன் அதுவும் நீக்கிவிட்டது. நீக்கியவை 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்று பிறகு அறிந்தேன். நான் அந்தப் படங்களைத் தேடியது 41-ஆவது நாளில்.

தாங்கள் வழங்குவது காப்பு அன்று, ஒத்திசைவு. இரண்டும் பயனுள்ள வேலைகள், ஆனால் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய எதிரானவை. ஒத்திசைவின் நோக்கம், எந்தக் கருவியில் திறந்தாலும் கோப்புகள் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்த வேண்டும், ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிய வேண்டும். காப்பின் நோக்கமோ, மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும், அதை நானே கைதவறி அழித்தாலும், மாற்றம் எட்டாத ஒரு நகல் வேறோர் இடத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்பது. ஒத்திசைவு அழிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காப்பு அழிவைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த வேறுபாடு தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது அன்று. இரண்டு வட்டுகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறையைக்கூடக் காப்பு என்று கொள்ளக் கூடாது என்பது சர்வர் பராமரிப்போர் புதிதாக வேலைக்கு வருபவருக்குச் சொல்லித்தரும் தொடக்கப் பாடம். ஒரு வட்டு பழுதானால் அது உதவும். ஆனால் ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு வட்டுகளிலும் அந்த நொடியே அழியும். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறு இடத்தில் என்று அத்துறையினர் '3-2-1' விதியாகச் சொல்வதும் இதை மனத்தில் வைத்துத்தான். தம் தரவுக்கு இவ்வளவு கவனமாகக் கையாளும் ஒரு சொல்லை வாடிக்கையாளரின் தரவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தளர்வாகக் கையாள்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

தங்கள் செயலியிலேயே இந்த ஒரே வேலை மூன்று பெயர்களில் இருக்கிறது. முகப்பில் அது 'காப்பு'. அமைப்புகள் பகுதியில் மூன்று அடுக்குகள் உள்ளே போனால் 'ஒத்திசைவு'. விளம்பர மின்னஞ்சல்களில் 'மேகப் பாதுகாப்பு'. இவற்றுள் உண்மையைச் சொல்வது நடுவில் உள்ளது ஒன்றே. அதைத்தான் எவரும் எளிதில் காணாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள். 'மேகம்' என்ற சொல்லும் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது: தங்களுக்குச் சொந்தமான, அல்லது தாங்கள் வாடகைக்கு எடுத்த, தொலைவில் உள்ள கணினிகளில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011-இல் மேகக் கணிமைக்கு வரையறை வெளியிட்டபோது அதற்கு ஐந்து அடிப்படை இயல்புகளைக் கூறியது. அழித்த கோப்பு மீளக் கிடைக்கும் என்பது அந்த ஐந்தில் ஒன்று அன்று. மேகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கோப்பு நிலைத்திருக்கும் என்ற எண்ணத்தை விளம்பரம்தான் உண்டாக்கியது.

'பாதுகாப்பு' என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் அது இரட்டைச் சுமை தாங்கும் சொல். திருடன் நுழையாதிருப்பதும் பாதுகாப்புதான், பொருள் கெடாதிருப்பதும் பாதுகாப்புதான். தகவல் பாதுகாப்புத் துறையில் இவற்றைப் பிரித்தே பேசுகிறார்கள்: மறைவு காத்தல் ஒன்று, தரவு மாறாமை ஒன்று, வேண்டும்போது கிடைத்தல் ஒன்று. 'இராணுவத் தரக் குறியாக்கத்தால் உங்கள் நினைவுகள் பாதுகாப்பாக உள்ளன' என்று, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றி வைப்பதாக, தாங்கள் எழுதும்போது தருவது முதலாவதை மட்டும். படிப்பவர் பெற்றுக்கொள்வதாக எண்ணுவது மூன்றையும். என் கோப்புகளை வேறு எவரும் படிக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். இப்போது என்னாலும் படிக்க முடியாது.

அந்த 'இராணுவத் தரம்' என்பதும் தனியே ஒரு சிறப்பைக் குறிப்பதில்லை. தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின்படி அது 256 பிட் சாவி கொண்ட ஏ.இ.எஸ். குறியாக்கம். யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் என்ற பெல்ஜிய வல்லுநர்கள் இருவர் வடிவமைத்த அந்த முறை, 2001 நவம்பரில் அமெரிக்க அரசின் தர ஆவணமாக வெளியிடப்பட்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சாதாரண இணைய உலாவிகளும் ஒவ்வொரு நாளும் அதைப் பயன்படுத்துகின்றன. நல்ல முறை, அதில் ஐயமில்லை. அதன் பெயரைச் சொன்னால் விவரம் அறிந்தவர் சரிபார்த்துக்கொள்ள முடியும். இராணுவத்தைச் சொன்னால் எவராலும் எதையும் சரிபார்க்க முடியாது.

இனி தங்கள் உதவிப் பிரிவு என்னிடம் பேசிய மொழிக்கு வருகிறேன். இழப்பைப் பெரிதாக்கியது அதுவே. உரையாடலில் முதலில் வந்தது 'செயற்கை நுண்ணறிவு உதவியாளர்' என்ற பெயரில் இயங்கிய ஒரு நிரல். 'படங்கள் காணவில்லை' என்று நான் எழுதியவுடன், கேஷை அழித்துவிட்டுச் செயலியை மீண்டும் நிறுவும்படி அது கூறியது. கேஷ் என்றால் என்ன, அதை அழித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'தற்காலிகக் கோப்புகள் அகற்றப்படும், செயல்திறன் மேம்படும்' என்று பதில் வந்தது. சொன்னபடி செய்தேன். கேஷ் என்பது அடிக்கடி தேவைப்படுபவற்றை விரைவாக எடுத்துக் காட்டுவதற்காகக் கருவியிலேயே வைக்கப்படும் நகல் என்பதும், படச் செயலிகளில் அந்த நகல் பெரும்பாலும் படங்களின் சிறிய வடிவமாக இருக்கும் என்பதும், மூலம் போனபின் ஒருவேளை எஞ்சியிருக்கக்கூடியவை அவை மட்டுமே என்பதும், அனைத்தும் முடிந்தபின் கணினித் துறையில் பணிபுரியும் என் உறவினர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சிறு வடிவமானாலும் கையெழுத்தைப் படிக்க முடிந்திருக்கும் பக்கங்கள் சில இருந்திருக்கலாம். கோப்பைத் தொலைத்துவிட்டு வந்தவரிடம் முதல் அறிவுரையாகக் கேஷை அழிக்கச் சொல்வது, அந்தச் சொல்லின் பொருளை அறியாமல், எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்தாக அதை ஓதுவதால் வரும் விளைவு.

அதன்பின் மனிதர் ஒருவர் பதில் எழுதினார். மரியாதையாகவே எழுதினார், அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பதிலில் நான் விளங்கிக்கொள்ளக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. என் வழக்கு ஓர் 'எட்ஜ் கேஸ்' என்றும், கணினி அமைப்பு 'எதிர்பார்க்கப்பட்ட நடத்தையையே' வெளிப்படுத்தியது என்றும், தரவு 'ரிட்டென்ஷன் விண்டோவுக்கு' (நீக்கியவற்றை வைத்திருக்கும் கால வரம்புக்கு) வெளியே இருப்பதாகவும், வழக்கு இரண்டாம் நிலைக்கு 'எஸ்கலேட்' செய்யப்பட்டதாகவும் (மேல்நிலைக்கு அனுப்பப்பட்டதாகவும்) எழுதியிருந்தார். எட்ஜ் கேஸ் என்பது நிரல் எழுதுவோர் முன்கூட்டி நினைத்துப் பார்க்காத, எல்லையில் நிகழும் அரிய சூழல். கைப்பேசியில் இடம் நிரம்பியவர் காப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது அரிய சூழலா? காப்பு வசதியை வைத்திருப்பவர் முதலில் செய்யக்கூடிய செயலே அதுதான். 'எதிர்பார்க்கப்பட்ட நடத்தை' என்றால் எவர் எதிர்பார்த்தது? வடிவமைத்தவர் எதிர்பார்த்தார், அதைப் பயன்படுத்துபவருக்குச் சொல்லவில்லை. அவ்விரு சொற்களும் ஒரே கடிதத்தில் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதையும் சுட்டிக்காட்டுகிறேன்: எவரும் நினைத்துப் பாராத அரிய சூழல், அதே வேளையில் எதிர்பார்க்கப்பட்ட நடத்தையாக இருக்க முடியாது.

ஒன்பது நாட்கள் கழித்து என் புகாரின் நிலை 'தீர்க்கப்பட்டது' என்று மாறியது. எதுவும் தீரவில்லை. மூடப்பட்டது என்பதே அங்கே இருக்க வேண்டிய சொல்.

மற்றொரு சொல்லையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தங்கள் விளம்பரத்தில் 'எண்டு டு எண்டு குறியாக்கம்' என்று இருக்கிறது. சென்ற ஆண்டு நான் கடவுச்சொல்லை மறந்தபோது, மின்னஞ்சல் வழியே புதியதை அமைத்தவுடன், வேறு எந்த மீட்புச் சாவியும் கேட்காமல், கோப்புகள் அனைத்தும் அப்படியே திறந்தன. அன்று மகிழ்ந்தேன். சாவி பயனரிடம் மட்டுமே இருப்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்றால், என் சாவி தங்களிடமும் இருந்திருக்கிறது. இது சிறிய சொல் வேறுபாடு அன்று: ஜூம் நிறுவனம் தன் காணொலிக் கூட்டங்களுக்கு இதே சொல்லைப் பயன்படுத்தியது பயனர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2020 நவம்பரில் அந்நிறுவனத்துடன் உடன்பாடு கண்டது. சாவிகள் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன என்பதுதான் அங்கும் குற்றச்சாட்டு.

துறைச்சொற்கள் மீதே எனக்கு வெறுப்பு என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். 1 டெராபைட் என்று விற்கப்பட்ட வட்டு என் கணினியில் 931 ஜிகாபைட் என்று தெரிந்தபோது நான் புகார் எழுதவில்லை. வட்டு செய்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், என் கணினியின் இயங்குதளம் 1,024-ஆல் எண்ணுகிறது என்று விளக்கம் கிடைத்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இலேயே ஜிபிபைட் முதலிய தனிப் பெயர்கள் வகுக்கப்பட்டன என்றும் படித்தேன். அங்கே இரு தரப்பும் ஒரு கணக்கைச் சொல்கின்றன, இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். துறைக்குள் ஒரு சொல் கூர்மையாக இருப்பதால்தான் பொறியாளர்கள் அதை வைத்துக்கொண்டு பிழையின்றி வேலை செய்கிறார்கள். அதே சொல்லை விற்பனைக்காக மழுக்கி, பிறகு புகார் வரும்போது மட்டும் அதன் கூர்மையான பொருளுக்குத் திரும்பிச் செல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் விஷயத்தில் நடந்தது அதுவே: வாங்கும்போது 'காப்பு' என்றீர்கள், இழந்தபின் 'ஒத்திசைவு அப்படித்தான் இயங்கும்' என்கிறீர்கள்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டுவன. முதலாவதாக, தங்கள் சர்வர்களுக்கென்று தாங்கள் எடுத்துவைக்கும் உண்மையான காப்புநகல்களில் என் கோப்புறை எந்த வடிவிலாவது எஞ்சியிருக்கிறதா என்பதை ஒருவர் நேரில் சரிபார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் தெரிவிக்க வேண்டும். இல்லை என்பதே விடையானாலும் அதை நேராகச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். 'தற்போதைய கட்டமைப்பில் மீட்பு ஆதரிக்கப்படவில்லை' என்பது போன்ற விடை வேண்டாம். இரண்டாவதாக, முகப்பில் உள்ள 'காப்பு' என்ற சொல்லை 'ஒத்திசைவு' என்று மாற்றுங்கள். அச்சொல் பயனர்களுக்கு விளங்காது என்று தயங்கினால், 'எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக' என்று விளக்கமாகவே போடலாம். நீக்கும் பொத்தானைத் தொடும்போது 'இங்கே நீக்கினால் உங்கள் எல்லாக் கருவிகளிலும் நீங்கிவிடும், 30 நாட்களுக்குப் பின் மீட்க முடியாது' என்ற வரி வர வேண்டும். இதை எழுதுவதற்குத் தங்களுக்கு அரைநாள் வேலைகூட ஆகாது. கோப்பு காணவில்லை என்று வருபவரிடம் கேஷை அழிக்கச் சொல்வதை அந்த உதவி நிரலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது, ஏனெனில் இதைப் படிக்கும் நேரத்திலேயே வேறொருவர் அந்த அறிவுரையைப் பின்பற்றிக்கொண்டிருக்கலாம். எண்டு டு எண்டு என்ற சொல்லை உண்மையாக்குங்கள், இயலாதெனில் விளம்பரத்திலிருந்து அகற்றுங்கள்.

என் சந்தாக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகத் தங்கள் உதவிப் பிரிவு கடைசி மின்னஞ்சலில் கூறியிருந்தது. அதை நான் கேட்கவில்லை. மேற்கண்ட திருத்தங்களுக்கு மாற்றாக அதை ஏற்கவும் இயலாது.

'எல்லாக் கோப்புகளும் காப்பில் உள்ளன' என்ற முகப்பின் திரைப்பிடிப்பு, உதவி நிரலுடன் நடந்த உரையாடலின் முழுப் பதிவு, 'தீர்க்கப்பட்டது' என்று காட்டும் புகார்ப் பக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துள்ளேன். மூடப்பட்ட என் புகாரை மீண்டும் திறந்து, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்

இணைப்பு: மேலே குறிப்பிட்ட மூன்று கோப்புகள்