தீவனம் சிந்துவது குறித்து ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலமென்பதையும், நெடுநாளாக எண்ணியிருந்தபடியே ஒரு நாள் வயதுள்ள கோழிக்குஞ்சுகளை வாங்கி வளர்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கும் எல்லோரும் நலமே. இம்முறை குஞ்சு வளர்ப்பை என் மகள் முழுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். குஞ்சுகள் நன்றாக இறகு விட்டு, விளக்கின் வெப்பத்தை நாடாமல் கொட்டகை முழுவதும் ஓடித் திரிகின்றன.

தீவன மூட்டை நீங்கள் போட்ட கணக்குக்கு வெகு முன்பே தீர்ந்துவிடுகிறது என்றும், இனி அளவைக் குறைத்துப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏறக்குறைய 40 கிராம் எடையோடு பொரிந்து வரும் குஞ்சு, முட்டையினமாக இருந்தால் முதல் வாரத்திலேயே சுமார் இரண்டு மடங்காகவும், கறியினமாக இருந்தால் நான்கு மடங்காகவும் வளர்கிறது. அந்த வயதில் தீவனத்தைக் குறைத்தால் வலுத்த குஞ்சுகள் முண்டியடித்துத் தின்றுவிடும். நோஞ்சான்கள் ஒதுங்கி நின்று மேலும் நலிந்து போகும். பசியில் ஏறி மிதித்துத் தின்னும்போது சிந்துவதும் கூடுமே தவிரக் குறையாது. வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது என்பதால் உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் குஞ்சு தின்னும் தீவனம் செலவே தவிர வீண் அன்று. அதன் வயிற்றுக்குப் போகாத தீவனத்தைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. காலையில் தீவனத் தொட்டியைச் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குக் கெட்டியான தாளையோ பழைய சாக்கையோ விரித்துவிட்டு, மாலையில் அதை அப்படியே மடித்தெடுத்து, எச்சத்தையும் கூளத்தையும் சலித்து நீக்கி, மிஞ்சும் தீவனத்தை நிறுத்துப் பாருங்கள். அளவைக் காட்டிலும் எது சிந்தியிருக்கிறது என்பதே முக்கியம். முழுக் குருணை சிந்தியிருந்தால் தொட்டியின் உயரமோ நிரப்பும் அளவோ சரியில்லை என்று பொருள். வெறும் தூளாக இருந்தால் குஞ்சுகள் பெரிய துணுக்குகளை மட்டும் பொறுக்கித் தின்கின்றன. ஈரக் கட்டிகளாக இருந்தால் தண்ணீர்க் கலன் தீவனத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

சற்று நேரம் குனிந்து உட்கார்ந்து ஒரே ஒரு குஞ்சை மட்டும் கவனித்துப் பாருங்கள். அது நேராகக் கொத்தித் தின்பதோடு நிற்பதில்லை. அலகைத் தீவனத்துக்குள் விட்டு இடமும் வலமுமாக ஒரு வீச்சு வீசுகிறது, மேலே வரும் பெரிய துணுக்கைக் கொத்துகிறது, மீண்டும் வீசுகிறது. தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் அந்த ஒவ்வொரு வீச்சுக்கும் சில துணுக்குகள் வெளியே விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், நாளொன்றுக்கு இருமுறை மும்முறை போடுவது நல்லது. விளிம்பு உட்பக்கமாக மடிந்திருக்கும் தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டைக் காட்டிலும் பெரிய பலன் தருவது உயரம் என்பது என் உறுதியான எண்ணம். தொட்டியின் விளிம்பு, நிற்கும் குஞ்சின் முதுகு மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் உள்ளே ஏறிக் கிளறும், எச்சமிடும். மிக மேலே இருந்தால் சிறிய குஞ்சுகளுக்கு எட்டாது. குஞ்சு நாளுக்கு நாள் வளர்வதால் வாரத்துக்கு ஒருமுறையாவது உயர்த்தியாக வேண்டும். கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும் தொட்டியானால் ஒரு கண்ணி ஏற்றினால் முடிந்தது.

முதல் சில நாட்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அப்போது தாளிலும் தட்டையான தட்டிலும் பரப்பித்தான் போட வேண்டும். கொஞ்சம் வீணானாலும், எல்லாக் குஞ்சுகளும் தின்னப் பழகுவதே அங்கே பெரிது. மாலையில் சில குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் தின்றிருக்கிறது. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். நீளத் தொட்டியில் குஞ்சு ஒன்றுக்குத் தொடக்கத்தில் 2.5 செ.மீ., பிறகு 5 செ.மீ. இடமாவது இருக்கட்டும்.

தூள் தீவனத்தைவிடக் குருணைத் தீவனம் குறைவாகவே வீணாகும். எனினும் குருணையிலும் அடியில் தூள் தங்கும். பலர் அதன் மேலேயே புதுத் தீவனத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அந்தத் தூளிலும் வைட்டமின், தாது உப்புகள் இருக்கின்றன என்பதால் இது இரட்டை நட்டம். இரண்டு வாரம் கடந்த குஞ்சுகளுக்கு, நாளில் ஒரு வேளை அடித்தூள் வரை தின்று முடித்த பின்னரே புதிதாகப் போடுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைப்பதானால், சிறிது நேரத்துக்குள் தின்று தீர்க்கும் அளவு மட்டுமே போதும். மிஞ்சியது புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வீணும் உண்டு. ஓர் எலி நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை தின்னும். முதல் வார முட்டையினக் குஞ்சுக்கு ஏறத்தாழ 10 கிராமே தேவைப்படும் என்னும்போது, அந்த ஓர் எலி இரண்டு மூன்று குஞ்சுகளின் பங்கைத் தின்றுவிடுகிறது. கழிவால் கெடுப்பது தனி. மூட்டையைத் தரையிலும் சுவரையொட்டியும் வைக்காமல் பலகை மேல் வைத்து, பிரித்ததை மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டி வையுங்கள். ஈரம் ஏறினால் பூஞ்சணம் வரும். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அதிலிருந்தே உண்டாகி, குஞ்சின் கல்லீரலைத் தாக்குகிறது. கட்டி தட்டிய தீவனத்தைச் சிக்கனம் கருதிக் கொடுத்துவிட வேண்டாம்.

குளிரும் அப்படித்தான். முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைவாகவும் இருந்தால் போதும். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கத்தும் குஞ்சுகள், தின்றதை வளர்ச்சிக்குச் செலவிடாமல் உடலைச் சூடாக்கவே செலவிடுகின்றன. சிந்திய தீவனம் தரையில் பரப்பிய ஈரக் கூளத்தில் கிடந்தால் குஞ்சுகள் அதையே கிளறித் தின்னும். ஈரக் கூளத்தில் வீரியம் பெறும் கிருமியால் இரத்தக் கழிச்சல் தொற்றினால் குடல் புண்ணாகி, தின்ற தீவனமும் உடலில் சேராது. எனவே கூளத்தை உலர்வாக வைப்பதும் தீவனச் சிக்கனமே.

பெரிய கோழிகளுக்கு வாங்கி மீந்த தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. முட்டையிடும் கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை கால்சியம் இருக்கும். குஞ்சுக்கு 1 விழுக்காடு போதும். மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதைப் பெரிய கோழிகளுக்கே போட்டு முடித்துவிடுங்கள்.

சாக்கு விரித்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்பதையும், உங்கள் தொட்டி தரையில் வைப்பதா தொங்கவிடுவதா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். தரையில் வைப்பதானால், செங்கல்லை அடுக்கி வாரந்தோறும் உயர்த்தும் முறையையும், குஞ்சுகள் மேலே ஏறி உட்காராமல் குறுக்கே உருளும் குச்சி பொருத்துவதையும் மகளைக் கொண்டு படமாக வரைந்து அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்