அன்னா கெர்மன் கட்டுரைக்கு கை கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். போலந்து பாடகி அன்னா கெர்மன் பத்தின கட்டுரைய ஒருவழியா முடிச்சுட்டேன், இதுல பாதி வேலை உங்களோடது தான், அதனால ஊரறிய ஒரு நன்றி சொல்லிடணும்னு தோணுச்சு.

மொதல்ல போலந்துல வ்ரோத்ஸ்வாஃப் ஊர்ல நான் குடியிருக்கிற வீட்டு ஓனர் பாட்டிக்கு. நான் 'ஜெர்மன்'னு சொன்ன அன்னைக்கு சூப் கிண்டிட்டு இருந்த கரண்டிய அப்படியே வச்சுட்டு, "கெ... கெர்மன்"னு மூணு தடவை என்னை சொல்ல வச்சுட்டு தான் விட்டாங்க. அன்னா இதே ஊர் யுனிவர்சிட்டில ஜியாலஜி படிச்சவங்க, இங்க நீச்சல் குளத்துல ஒரு இன்ஜினியர் பையன் தன் துணிமணிய கொஞ்சம் பாத்துக்க சொல்லிட்டு குளிக்க போனாராம், அவர தான் 1972ல கட்டிக்கிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு கதை மாதிரி சொன்னதும் பாட்டி தான்.

அடுத்து ரஷ்ய மொழி தெரிஞ்ச ஃப்ரெண்டுக்கு. நீ இல்லன்னா அன்னாவோட சின்ன வயசு கதை எனக்கு புரிஞ்சே இருக்காது. உஸ்பெகிஸ்தான்ல உர்கெஞ்ச்ல 1936ல பொறப்பு, ரொட்டி ஃபேக்டரில கணக்கு பாத்துட்டு இருந்த அப்பாவ உளவாளின்னு புடிச்சுட்டு போய் 1938ல சுட்டுட்டாங்க, அம்மா ஒரு போலந்து ராணுவ அதிகாரிய ரெண்டாவதா கட்டிக்கிட்டதால தான் 1946ல போலந்துக்கே வர முடிஞ்சுது. இத படிச்சு சொல்லும்போது நீ நடுவுல எந்திரிச்சு போய் தண்ணி குடிச்சுட்டு வந்த, ஞாபகம் இருக்கு.

இத்தாலி பகுதிய சரி பாத்த அக்காவுக்கு பெரிய நன்றி. 1967ல இத்தாலியோட சான்ரெமோ பாட்டுத் திருவிழா மேடைல அன்னா ஏறின அதே வருஷம் ஆகஸ்ட்ல, ஃபோர்லில கச்சேரி முடிச்சுட்டு ராத்திரி மிலானுக்கு கார்ல போறப்ப ஓட்டினவர் தூங்கிட்டார், எலும்பு 49 இடத்துல முறிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. பல நாள் நினைவே இல்ல, அப்புறம் மாசக்கணக்கா உடம்பு பூரா மாவுக்கட்டு. நான் அத அழுவாச்சியா எழுதி வச்சிருந்தேன், அக்கா தான் அடிச்சு திருத்தினாங்க, "அவ திரும்ப நடக்க கத்துக்கிட்டு இருந்தப்பவே ஒரு புத்தகம் எழுதினா, பாட்டுக்கு மெட்டு போட்டா, 1970ல மேடைக்கும் வந்துட்டா, அதை எழுதுடா"ன்னு. அந்த பாரா இப்போ நிக்குதுன்னா அவங்களால தான் நிக்குது.

வார்சால அன்னாவோட கல்லறைய பாக்க போன அன்னைக்கு மழை. நான் பாட்டுக்கு பக்கத்து கல்லறைத் தோட்டத்துல ஒரு மணி நேரம் தேடிட்டு இருந்தேன், விளக்கு வித்துட்டு இருந்த ஒரு அம்மா கைய புடிச்சு கூட்டிட்டு போய் அன்னா கல்லறை இருக்கிற ஷிட்னியா தெரு கேட்ல விட்டுட்டு, ஒரு கண்ணாடி விளக்கையும் கையில குடுத்துட்டு காசு வாங்கல. பேர் கூட கேக்கல நான், மன்னிச்சுக்கங்கம்மா. 1982ல எலும்பு புற்றுநோய்ல போனப்ப அன்னாவுக்கு 46 வயசு தான், இன்னைக்கும் அங்க விளக்கு எரியுது.

கட்டுரைய பிரிண்ட் எடுத்து பாட்டிகிட்ட குடுத்தேன். தமிழ் எழுத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, அன்னா பேர் எங்கன்னு கேட்டாங்க, காட்டினேன். விரல வச்சுக்கிட்டு, "கெ தானே போட்டிருக்க?"ன்னாங்க.

கெ தான் பாட்டி.