முத்திரை இல்லாவிட்டால் குப்பையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடியில் செய்தவர் முத்திரை இல்லாத கண்ணாடிப் பூஜாடியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்று ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மாதம் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் 15 வெள்ளிக்கு ஒரு ஜாடி வாங்கினேன். நீலமும் பச்சையும் குழைந்து, நடுவே மணல் நிறம். தூக்கினால் அம்மிக் குழவி கனம். "யார் பேரும் இல்லையேம்மா" என்றாள் மகள். கவிழ்த்துக் காட்டினேன். இரும்புக்கோலை ஒடித்தெடுத்த தழும்பு இருந்தது. சூடாக இருந்தபோது அந்தக் கோலில் ஒட்டி ஒருவர் கையால் வாயை வடித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் யார் என்பதை மட்டும் தழும்பு சொல்லாது.

நிறம் கொஞ்சம் சொல்லும். கண்ணாடிக் கலைஞர் மைக்கேல் ஹாரிஸ் 1968இல் மால்டாவில் தொடங்கிய எம்டினா கண்ணாடிப் பட்டறையின் கடல், மணல் நிறங்கள் இவை. அதே சாயலில் பிறரும் செய்ததால், 'எம்டினா பாணி' என்று மட்டும் சீட்டெழுதி உள்ளே போட்டிருக்கிறேன்.

1980இல் மூடப்பட்ட லண்டன் வைட்ஃப்ரையர்ஸ் கண்ணாடி ஆலை தன் ஜாடிகளில் பெரும்பாலும் காகித லேபிள்தான் ஒட்டியது. நாலு முறை கழுவினால் போய்விடும். கட்டுரையாளர் கணக்கில் அவையும் குப்பைதானா? அடியில் கீறிய கையெழுத்தையும் நம்ப முடியாது; பின்னால் வந்த எவரும் அதைக் கீறிவிடலாம்.

ஜாடியில் இப்போது கொல்லைச் செம்பருத்தி. விற்பதாக இல்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு