சாவியைத் திருப்பியதும் நின்றது

அன்பு நண்பர்களுக்கு,

சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தது. மீதிப் பேர் அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணிக் கேட்டுவிட்டீர்கள். அதனால் அதை விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் வருஷா வருஷம் ஆகஸ்ட்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில், அப்பாவோடு போன எங்கள் பழைய செவெல் கார் நடு ரோட்டில் நின்றுபோனது, அவ்வளவுதான். அப்பா நன்றாக இருக்கிறார், வண்டியும் நன்றாக இருக்கிறது. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வுட்வர்ட் அவென்யூவில், 13 மைல் சாலைக்குப் பக்கத்தில், அத்தனை நெரிசலில் இறங்கி வண்டியைப் பார்க்கிங் வரை தள்ளிக் கொடுத்த நான்கு பையன்கள், விளக்கைப் போட்டுப் பின்னால் காவலாக வந்த போலீஸ்காரர், அப்பாவைத் தன் காரில் ஏசி போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்த அக்கா, வயரிங் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிய டிராய் அண்ணன், மறுநாள் தயிர்சாதத்தோடு வீட்டுக்கு வந்து நின்ற தம்பி, எல்லோருக்கும் என் கும்பிடு. யாரையும் நான் மறக்கவில்லை.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒரு அம்மாவைப் பற்றியது. எழுபத்தைந்து வயதிருக்கும். பார்க்கிங்கில் மடக்கு நாற்காலி போட்டு, போகிற வருகிற பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படியோ இன்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, சாவியை ஆஃப் செய்தேன். அது நிற்கவில்லை. சாவி கையில் இருக்கிறது, இன்ஜின் தடதடவென்று உதறிக்கொண்டு ஓடுகிறது. அந்த அம்மா எழுந்து வந்தார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருக்கிறாய், இல்லையா?" என்றார்.

பெடலை மிதிக்காதபோது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வைக்கும் திருகு அது. ஆமாம் என்றேன். இறக்கி வைத்தால் ஒவ்வொரு சிக்னலிலும் அணைந்துபோகிறது, ஏற்றி வைத்தால் இப்படி நிற்க மாட்டேன் என்கிறது. சாவி ஆனில் இருக்கும்வரை அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய சோலினாய்டு என்ற சின்ன மின்காந்தக் கருவியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், வயரில் 12 வோல்ட் வருகிறது. இதையெல்லாம் சொன்னேன். அவர் தன் பிக்கப்புக்குப் போய் ஒரு இரும்புப் பெட்டியிலிருந்து டெஸ்ட் லாம்ப், அதாவது வயரில் கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் பல்பு, எடுத்து வந்தார். போன வருஷம் தவறிப்போன கணவருடையது. கைப்பிடி முழுக்கப் பழைய கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

இன்ஜினை ஓட விடச் சொன்னார். கிளிப்பை எர்த்தில் மாட்டி, சோலினாய்டுக்கு வரும் வயரில் முனையை வைத்தார். பல்பு மங்கலாக, அகல் விளக்குத் திரி கருகும்போது எரிகிற மாதிரி எரிந்தது. அடுத்து பேட்டரி முனையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மறுபடி வயரில் வைத்தார், மங்கல். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

யாரோ எப்போதோ அந்த சோலினாய்டுக்கு, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் வயரிலிருந்தே இணைப்பு எடுத்திருக்கிறார்கள். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) வைத்த இந்தப் பழைய வண்டிகளில் காயிலுக்குப் போவது சாதாரண வயர் இல்லை. அது வோல்டேஜைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டன்ஸ் வயர். இன்ஜின் ஓடும்போது காயிலுக்கு ஏழெட்டு வோல்ட் போனால் போதும் என்று கம்பெனியே அப்படி வைத்தது. இன்ஜின் நின்று, பாயிண்ட் திறந்திருக்கும் நேரத்தில் அளந்தால் அந்த வயரில் கரண்ட் ஓடாது, வோல்டேஜும் குறையாது, மீட்டர் முழுசாக 12 காட்டும். நான் அளந்ததெல்லாம் அப்படித்தான். ஓடும்போது அரைகுறை கரண்டில் சோலினாய்டால் திராட்டிலை, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகட்டை, தாங்கிப் பிடிக்க முடியவில்லை. அதனால் வண்டி அணைந்தது. அணைகிறதே என்று ஸ்க்ரூவை ஏற்றியதால் ஆஃப் செய்த பிறகும் திராட்டில் திறந்தே இருந்தது, காற்றும் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன, உள்ளே பழுக்கக் காய்ந்திருந்த கரி அதைப் பற்றவைத்தது. சாவி ஆஃப் ஆனதும் தன் முனையை உள்ளே இழுத்து, திராட்டிலை இன்னும் மூட விட்டு, அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் சோலினாய்டை அங்கே வைத்தார்கள். புகைச் சட்டங்களுக்காக ஐடிலை உயர்த்தி, பெட்ரோலைக் குறைத்து, இன்ஜினைச் சூடாக ஓடவிட்ட காலம் அது. எங்களுடையது 1970 செவெல் எஸ்எஸ் 396. பெயர்தான் 396, அந்த வருஷம் உள்ளே வைத்தது 402 கன அங்குல இன்ஜின். அப்பா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா முப்பது வருஷம் ஓஹையோவில் கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் (வயர்க் கட்டுகள்) கட்டும் ஆலையில் வேலை பார்த்தவராம். காயில் வயரைக் கடித்துக்கொண்டிருந்த நீல பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் டேப் சுற்றினார். என்னை டேஷ்போர்டுக்கு அடியில் படுக்கச் சொல்லி, பியூஸ் பாக்ஸில் ஐஜிஎன் (இக்னிஷன், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடம்) என்று எழுதியிருக்கும் முனையைத் தேடச் சொன்னார். அங்கிருந்து புது வயர். நடுவில் ஒரு சின்ன பியூஸ். ஒவ்வொரு முனையையும் வயரோடு நெரித்து கிரிம்ப் செய்ததும் இரண்டு விரலால் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும், அந்த இழுப்பு இன்னும் போகவில்லை. எனக்குக் கண் கலங்கியது அங்கேதான்.

அப்புறம் சோலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு ஐடில் ஸ்க்ரூவை நன்றாக இறக்கினார், திரும்ப மாட்டினார். "பெடலை லேசாக ஒரு மிதி மிதி" என்றார். சோலினாய்டுக்குத் திராட்டிலைத் தள்ளித் திறக்கும் பலம் கிடையாது, திறந்ததைத் தாங்கும் பலம்தான் உண்டு. மிதித்தேன், முனை வெளியே வந்து நின்றது. நான் டிரைவில் போட்டு பிரேக்கை அழுத்திப் பிடிக்க, அவர் சோலினாய்டைத் திருகி நிமிஷத்துக்கு 600 சுற்றில் நிறுத்தினார். சிக்னலில் நிற்பது போல ஐந்து நிமிஷம். அணையவில்லை. பார்க்கில் போட்டுச் சாவியைத் திருப்பினேன். டக்கென்று நின்றது. பக்கத்துக் காரிலிருந்து அப்பா கண்ணாடியை இறக்கி, "நின்னுடுச்சாடா?" என்றார். நின்னுடுச்சுப்பா.

பணம் என்றதும் கையைத் தட்டிவிட்டார். டெஸ்ட் லாம்பைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அப்பாவிடம் போய், இந்த வண்டி எத்தனை வருஷமாக உங்களிடம் இருக்கிறது என்று கேட்டார். அப்பா 1974-இலிருந்து ஆரம்பித்தார். அவரும் தன் நாற்காலியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார். எனக்கு அவர் வயரைச் சரிசெய்ததைவிட இதுதான் பெரிசு. உடம்புக்கு முடியாமல் போன பிறகு அப்பா இவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை.

திங்கட்கிழமை நானும் ஒரு டெஸ்ட் லாம்ப் வாங்கி, நாலு அடி வயரும் கொஞ்சம் முனைகளும் சேர்த்து டிக்கியில் வைத்துவிட்டேன். அடுத்த ஆகஸ்ட்டில் வுட்வர்டில் யாருடைய வண்டி நின்றாலும் நானும் நிறுத்தி இறங்குவேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம். என் மகள் இந்த மடலை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவாள். செவெலில்தான் போகிறோம், அப்பா முன் சீட்டில்.