‘எனக்காக’ என்று சொல்ல வைத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். அம்மா இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. “எப்படிம்மா இருக்கிறாய்?” என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் “நன்றாக இருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி நழுவிவிட்டேன். இன்று நழுவாமல் எழுதுகிறேன்.

அம்மா படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். தண்ணீர் வேண்டும், தலையணையை நிமிர்த்த வேண்டும், சில நேரம் நான் அருகில் இருக்கிறேனா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு இரவு ஐந்தாறு முறை எழுந்த பிறகு, “எத்தனை தடவைதான் கூப்பிடுவீங்க? கொஞ்சம் தூங்க விடுங்கம்மா” என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் “அம்மாவை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாய்” என்றார்கள். தலையை ஆட்டினேன்.

தேவன் அன்பானவர் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். யோவான் 3:16ஐ எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். உலகத்தில் அன்புகூர்ந்தார், சரி. நம்மேல் அன்பு வைத்தார், அதுவும் சரி. ‘நம்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். நானும் பின்வரிசையில் முகம் தெரியாமல் நின்றுகொண்டேன். அந்த அன்பு என் பெயரைச் சொல்லி என்னிடம் வருகிறது என்று நினைத்தால் மட்டும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவின் முதுகு கண் முன்னால் வந்து நின்றுவிடும். ஆலயத்தில் திருவிருந்து வாங்க முன்னே போவதையும் நிறுத்திவிட்டேன்.

வியாழக்கிழமை அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. வாரம் தவறாமல் இரவு எட்டு மணிக்கு வந்து உட்காருவீர்கள். பேசு என்று சொன்னதில்லை. ஒரு வியாழன் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். கடைசியிலாவது ஆறுதலாக ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போனதைச் சொல்லி அது அப்படியே நின்றுவிடுகிறது. வாசித்த நீங்களோ எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அன்றுதான் அந்த இரவைப் பற்றிச் சொன்னேன்.

“பரவாயில்லை, விடு” என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் மறுபடி வாயை மூடியிருப்பேன். “தப்புதான்” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தத் தப்புக்கும் சேர்த்துத்தானே அவர் மரித்தார்” என்றீர்கள். என் தவறைச் சிறியதாக்காமலே என்னைத் தூக்கிவிட்ட வார்த்தை அது.

போதகர் ஐயா, நீங்கள் கலாத்தியர் 2:20ஐ என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னீர்கள். “என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த” என்ற இடத்தில் நிறுத்தி, “என்னில் என்றால் யார்?” என்று கேட்டீர்கள். “இதை எழுதிய பவுல்” என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தீர்கள். அப்புறம் அந்தப் பவுல் யார் என்று ஞாபகப்படுத்தினீர்கள். கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழற்றி வைத்தது, அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட இதே பவுலின் பாதத்தருகேதான். அந்த மனிதர்தான் கூச்சமில்லாமல் ‘என்னில்’ என்று எழுதுகிறார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றியும் சொன்னீர்கள். குருவானவராக அபிஷேகம் பெற்று, கடல் கடந்து ஊழியம் செய்து திரும்பிய பிறகுதான், 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, கிறிஸ்து தன் பாவங்களை, ஆம், தன்னுடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு வந்ததாம். பல வருடம் பிரசங்கம் செய்தவருக்கே ‘என்னுடைய’ என்ற சொல் அவ்வளவு தாமதமாகத்தான் வந்தது என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ஆலயத்துக்கு வர மறுத்த நாட்களில் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தீர்கள். சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, விரலளவு கிண்ணத்தை அதன்மேல் வைத்தீர்கள். கர்த்தர் தம் சீஷரிடம் “உங்களுக்காக” என்றார் என்று வாசித்துவிட்டு, அப்பத்தை என் கையில் வைக்கும்போது “உனக்காக” என்றீர்கள். அறையில் வேறு யாரும் இல்லை. ஒளிந்துகொள்ள எனக்கு இடம் இல்லாமல் போனது. வாங்கிக்கொண்டேன்.

தூக்கமே இல்லாத மாதங்களில் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மனநல ஆலோசகருக்கும் நன்றி. ஜெபிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது, தேவன் அதையும் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து, வரும் வழியில் ஒரு கேள்வியும் கேட்காத தம்பிக்கு நான் என்ன செய்யப் போகிறேனோ தெரியவில்லை.

அந்நாட்களில் ஒருவர் என்னிடம், “உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் இந்தத் துக்கம்” என்றார். வெகுநாள் வலித்தது. பிற்பாடு மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், “விசுவாசிக்கிறேன், ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கதறின தகப்பனை மறுபடி சந்தித்தேன். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கிக் கொடுத்தார். அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் சில காலைகளில் மனதில் ஒன்றும் அசையாது. அந்த நாட்களிலும் ‘என்னில், எனக்காக’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன், அவர் படுத்திருந்த கட்டிலருகே முழங்கால்படியிட்டு, தேவனிடம் சொல்லி.

அக்கா, உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு இங்கேயே இருந்துவிட்டது. இந்த வியாழன் நீங்கள் வர வேண்டாம். எட்டு மணிக்கு நான் அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி