எங்கள் வீட்டுப் பெட்டிகளில் பிஸ்டல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் பணிக்காலக் கைத்துப்பாக்கிகளைச் சேகரித்து மகன், பேரன் என்று கைமாற்றிக் கொடுப்பதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடுதான் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய லூகர் பிஸ்டலை, மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழோடு ஊருக்குக் கொண்டுவர அந்நாட்டு வீரர்களுக்கு அனுமதி இருந்தது உண்மையே. ஆனால் முடிவில், "பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த நம் குமரி மாவட்டத்திலும் பல வீடுகளில் இப்படிப் பிஸ்டல்கள் பத்திரமாக இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில், "அண்ணாச்சி, பிஸ்டலை எங்க ஒளிச்சு வச்சிருக்கிய?" என்று நாலு பேர் முன்னிலையில் என்னிடம் கேட்டார்கள்.

மதராஸ் ரெஜிமெண்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி 1997-ல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். என் கைக்கு வந்தது 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள், பிஸ்டல் பெரும்பாலும் அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது. ராணுவ ஆயுதம் அரசின் சொத்து என்பது தாங்கள் அறியாததல்ல. கோத் என்று நாங்கள் சொல்லும் ஆயுதக் கிடங்கில் எண்ணைச் சொல்லிக் கையெழுத்திட்டு வாங்கியதை, துடைத்து எண்ணெயிட்டு, அதே எண்ணைச் சரிபார்த்துத் திருப்பி ஒப்படைப்போம். சுடுகளத்தில் காலித் தோட்டாக்களைக்கூட எண்ணுவார்கள். ஒருமுறை ஒன்றே ஒன்று குறைந்ததற்காக, கம்பெனி முழுவதும் வரிசையாக முழங்காலிட்டுப் புல்லைத் தடவி, இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஓர் எலிவளையின் வாயில் அதைக் கண்டெடுத்தோம். அப்படி வளர்ந்தவர்களா ராணுவப் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வருவோம்? மேலும் ராணுவப் பிஸ்டலின் 9 எம்.எம். குழல் அளவு, சட்டப்படி தடைசெய்யப்பட்ட வகை. அதற்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கே கிடையாது. ஆயுதச் சட்டத்தின் 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ளவரும் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இதில் சேகரிப்பு எங்கிருந்து வரும்?

எங்களில் பலரிடம் இருப்பது, வங்கிக் காவலர் வேலைக்காகச் சொந்தப் பணத்தில் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதைப் பற்றி எழுத யாரும் முன்வருவதில்லை. 2019, 2021, 2024 தேர்தல்களின்போது, ஒரு புகாரும் இல்லாத நானும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். 2021-ல் திரும்பப் பெற்று, குழலை மடக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, உள்ளே சிவப்புப் புள்ளிகளாகத் துரு ஏறியிருந்தது. எண்ணெய்த் துணியைக் கம்பியில் சுற்றி மூன்று நாள் தேய்த்தும் இடது குழலின் புள்ளிகள் முழுதாகப் போகவில்லை. 24 ஆண்டுகள் துரு என்பதையே அனுமதிக்காதவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். எனக்கு இரண்டுமே நிறைந்துவிட்டன. ஆனால் மகன் பெயரில் கொடுத்த மனு இரண்டு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது. போகும்போதெல்லாம் இன்னொரு சான்றிதழ் கேட்கிறார்கள். முறைப்படி வாங்கியதையே மகனிடம் ஒப்படைக்க வழியில்லாமல் நிற்பவனைப் பார்த்து, பட்டாளத்துப் பிஸ்டலைப் பேரனுக்காக ஒளித்து வைத்திருப்பதாக எழுதலாமா?

என் வீட்டில் அடுத்த தலைமுறைக்கு இருப்பவை, வெள்ளைப் பெயிண்டில் படை எண் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம், ஒரு கம்பளி. உங்கள் செய்தியாளர் எப்போது வந்தாலும் திறந்து காட்டுகிறேன்.

அந்த ஒரு வரி தவறு என்று, அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் இரண்டு வரிகளில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
தக்கலை.