பரணிலிருந்து இறங்கிய தொட்டில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. உன் மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது என்ற வரியை முதலில் நான் படித்தேன். பிறகு என் மனைவியை அழைத்து அவளுக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் முதன்முதலாகத் தனியே நாலடி எடுத்து வைத்த நாளில் நானும் உன் வீட்டில் இருந்தேன். அவள் தாயாகப் போகிறாள் என்பதை எழுதும்போதே மனம் நிறைகிறது. ஆனால் கடிதத்தின் பின்பாதியில், அவள் படுத்து வளர்ந்த மரத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு பக்கங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டதாகவும், மீதியையும் தேய்த்துப் புது வண்ணம் பூசிப் பேரக்குழந்தைக்குக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதனால்தான் இந்தப் பதிலை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் எழுதுகிறேன்.

முதலில், தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடு. அந்தத் தொட்டில் வாங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1978-இலேயே தடை செய்தது; ஆனால் பல நாடுகளில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அது வழக்கத்தில் இருந்தது. உன் தொட்டிலின் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்குமானால், பூச்சு மரத்தில் ஒட்டியிருக்கும்வரை ஓரளவு அடங்கிக் கிடக்கும் நஞ்சு, உப்புத்தாள் பட்டதும் நுண்ணிய தூளாகி மூச்சோடு உள்ளே போகும். தாயின் இரத்தத்தில் சேர்ந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைச் சென்றடையக்கூடியது. வளரும் மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. ஆகவே தேய்த்த அறையைத் துடைப்பத்தால் பெருக்காதே. ஈரத் துணியால் தரையையும் ஜன்னல் விளிம்புகளையும் இரண்டு மூன்று முறை துடைத்து, அந்தத் துணிகளை எறிந்துவிடு. மகள் சில நாள்களுக்கு அந்த அறைப்பக்கம் வர வேண்டாம். உன்னை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீ அன்பினால் செய்த வேலை அவளுக்குத் தீங்காக முடிந்துவிடக் கூடாது.

அடுத்தது, அந்தத் தொட்டிலின் முன்பக்கச் சட்டம். மேலும் கீழுமாக இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறாய். என் மகனுக்கு நாங்கள் வாங்கிய தொட்டிலும் அப்படிப்பட்டதுதான். அதைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அவனுக்கு எட்டு மாதம் இருக்கும். ஒரு விடியற்காலையில் அவன் சிணுங்கும் ஒலி கேட்டு எழுந்து போனேன். சறுக்குச் சட்டத்தின் கீழ்மூலையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, அந்த மூலை மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி. அதற்குள் அவன் கால்களும் இடுப்பும் இறங்கிவிட்டிருந்தன. விழித்திருந்ததால் அவன் இரண்டு கைகளாலும் மெத்தை விரிப்பைப் பற்றிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் இன்னும் ஒரு சாண் வழுக்கியிருந்தால் தலை அங்கே மாட்டியிருக்கும். அன்று ஒரு கொக்கிதானே உடைந்தது என்று எண்ணி, கம்பியால் இறுகக் கட்டிவிட்டு மேலும் சில மாதங்கள் அதே தொட்டிலைப் பயன்படுத்தினோம். அதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

அது எங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த தனி விபத்து அல்ல என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. சறுக்குச் சட்டத் தொட்டில்கள் 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகளின் இறப்புக்குக் காரணமாக இருந்தன என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டு, 2010 டிசம்பரில் புதிய விதிகளை நிறைவேற்றியது. 2011 ஜூன் 28 முதல் அங்கே அவற்றைச் செய்யவோ, விற்கவோ, பழையதாக மறுவிற்பனை செய்யவோ கூடாது. உன் தொட்டிலின் முன்பக்கச் சட்டத்தை நான்கு திருகாணி போட்டு அசையாமல் பொருத்திவிட்டால் போதாதா என்று நீ கேட்பாய். உன் கைத்திறன் எனக்குத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பருவத்துக்குப் பருவம் ஈரத்தை வாங்கி உப்பியும் உலர்ந்து சுருங்கியும் வந்த மரத்தில், பசை காய்ந்துபோன இணைப்புகளுக்கு நடுவே, நீ புதிதாக ஏற்றும் திருகாணி பிடித்துக்கொள்ளுமா, மரத்தைப் பிளக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொட்டிலையும், ஓர் உறுப்பு தொலைந்து வேறொன்றை இட்டு ஒப்பேற்றிய தொட்டிலையும் பயன்படுத்த வேண்டாம் என்பதே இத்துறையில் தெரிந்தவர்கள் சொல்வது. எனவே புதிதாக ஒன்று வாங்கு. நான்கு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலாக அது இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது கண்ணை நம்பாதே, கையை நம்பு. தொட்டில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தையும் தலைமாட்டுப் பலகையின் வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீ மேல்சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, எழுந்து நின்று குதிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை உலுக்குவதைவிடப் பலமாக உலுக்கிப் பார். நன்றாகச் செய்யப்பட்ட தொட்டில் முழுவதும் ஒரே பொருளாக அசையும். சரியில்லாதது மூலைகளில் தனித்தனியாகக் கிறீச்சிடும். ஒவ்வொரு கம்பியையும் தனியாகத் திருகிப் பார்; ஒன்று சுழன்றாலும் அந்தத் தொட்டில் வேண்டாம். கால்களையும் பக்கச் சட்டங்களையும் இணைக்கும் இடத்தில் மரத்துக்குள் நேரடியாக ஏறும் திருகாணி இருக்கக் கூடாது; உலோக நட்டில் போய்ப் பூட்டும் போல்ட் இருக்க வேண்டும். நேரே மரத்தில் ஏற்றியது இரண்டு முறை கழற்றிப் பூட்டினால் பிடியை இழந்துவிடும். மரத்தைப் பொறுத்தவரை பீச், ரப்பர் மரம் போன்ற கெட்டியான வகைகள் நல்லவை. பால் வற்றிய பிறகு வெட்டப்படும் ரப்பர் மரம் இப்படி ஒரு குழந்தையைத் தாங்கும் வேலைக்கு வருவது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. பைன் மென்மையானது, பல்தடம் எளிதில் பதியும். ஆனால் இணைப்புகள் உறுதியாக இருந்தால் அதை ஒதுக்கத் தேவையில்லை.

அளவு நாடா ஒன்றைக் கையோடு எடுத்துச் செல். கம்பிகளுக்கு இடையே அமெரிக்க விதி இரண்டே முக்கால் விரற்கடைக்கு மேல் விடுவதில்லை என்று யாரோ உனக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். விரற்கடை ஆளுக்கு ஆள் மாறும். சரியான அளவு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். ஐரோப்பிய விதி 4.5 முதல் 6.5 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கிறது. இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரியவர்களைப்போல் அல்லாமல், கைக்குழந்தைக்கு இடுப்பைவிடத் தலை பெரியது. இடைவெளி சற்று அகன்றிருந்தால் கால்கள் போகும், இடுப்பும் மார்பும் பின்தொடரும், தலை மட்டும் உள்ளே நின்றுவிடும். உடலின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். இடுப்பே நுழையாத அளவுக்குக் கம்பிகள் நெருங்கியிருந்தால் இந்த ஆபத்து தொடங்குவதே இல்லை. தலைமாட்டுப் பலகையில் பூவேலைக்காகக் குடைந்த துளைகள் இருந்தாலும் இதே கவலைதான். மூலைக் கால்களின் உச்சியில் குமிழ் வைத்த தொட்டிலையும் தவிர்த்துவிடு. எழுந்து நிற்கும் குழந்தையின் சட்டைக் கழுத்து அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மூலைக் கால் மேல்சட்டத்தைவிட 1.5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

மெத்தையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நல்ல மனம் படைத்தவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பிஞ்சு உடலுக்குப் பஞ்சு போன்ற மெத்தை வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. குழந்தைக்கு வேண்டியது கெட்டியான, சமமான மெத்தை. உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டு எடுத்தால் அந்த இடம் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கையின் தடம் ஒரு கணம் தங்கினால் அது வேண்டாம். மென்மையான மெத்தையில் முகம் புதையும்போது குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வலிமை அதன் கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. மெத்தையைத் தொட்டிலோடு சேர்த்தே வாங்கு அல்லது தொட்டிலின் உள் அளவைக் குறித்துக்கொண்டு வாங்கு. மெத்தையின் விளிம்புக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே உன் இரண்டு விரல்கள் சேர்ந்து நுழைந்தால் மெத்தை சிறியது. தலைப்பக்கம் உயர்த்திய சாய்வுப் படுக்கைகளும் கடைகளில் இருக்கும். 10 பாகைக்கு மேல் சாய்ந்த படுக்கைகளைக் குழந்தை தூங்குவதற்கென்று விற்பதை அமெரிக்கா இப்போது தடுத்துவிட்டது. சாய்வில் தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் படும்போது மூச்சுக்குழல் மடங்கிவிடும்.

உன் மனைவி மெத்தை விரிப்பு ஒன்றும் பக்கத் திண்டுகளும் ஒரு குட்டித் தலையணையும் தைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அவரிடம் இதை நீ நேரில் சொல்வதைவிட, நான் எழுதியதைப் படிக்கக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். அக்கா, முதல் ஓராண்டு தொட்டிலுக்குள் மெத்தையும் அதன்மேல் இறுகப் பொருந்திய ஒரு விரிப்பும் தவிர வேறெதுவும் வேண்டாம். தலையணை, திண்டு, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் வேண்டாம். தலை கம்பியில் இடித்துக்கொள்ளும் என்ற கவலையில்தான் திண்டு கட்டுகிறோம். கம்பியில் இடித்தால் வலிக்கும், அழும், அவ்வளவே. திண்டில் முகம் பதிந்தாலோ அழக்கூட முடியாது. பஞ்சடைத்த பக்கத் திண்டுகளை விற்பதையும் அமெரிக்கா 2022-இல் சட்டம் இயற்றித் தடை செய்தது. குளிருக்குப் போர்வைக்குப் பதிலாக, கைகள் வெளியே இருக்கும்படி அணிவிக்கும் பை போன்ற தூக்க உடை போதும். நீங்கள் தைத்த மெத்தை விரிப்பு வீணாகாது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தரையில் விரித்து, கண்முன்னே குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்து படுக்க வேண்டும். அமெரிக்காவில் 1994-இல் இதைப் பெரிய இயக்கமாகவே நடத்தினார்கள். அதன் பிறகு காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

தொட்டிலைப் பெற்றோரின் படுக்கைக்கு அருகிலேயே போடச் சொல். குறைந்தது ஆறு மாதம் ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில். ஜன்னல் திரைக் கயிறு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. மெத்தைத் தளத்தின் உயரத்தை மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், முதல் மாதங்களில் குனியும் வேலை குறையும்; ஆனால் குழந்தை உட்காரத் தொடங்கும்போதே தளத்தை இறக்கிவிட வேண்டும், நிற்கும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் உயரம் 89 சென்டிமீட்டரைத் தொட்டதும் தொட்டிலின் காலம் முடிந்தது.

என் பேரனுக்கு இப்போது பதினான்கு மாதம். அவன் தொட்டிலை நானும் மகனும் ஒரு முழுப் பிற்பகல் உட்கார்ந்து, செய்முறைத் தாளை வரி வரியாகப் படித்துப் பூட்டினோம். எல்லாம் முடிந்தபின் ஒரு போல்ட் மிச்சமிருந்தது. உபரியாகக் கொடுத்திருப்பார்கள் என்றான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. முழுவதையும் கழற்றிப் பார்த்தபோது, மெத்தைத் தளத்தைத் தாங்கும் நான்கு கொக்கிகளில் ஒன்று வெறும் அழுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஆலன் சாவியை எடுத்துக்கொண்டு எல்லாப் போல்ட்டுகளையும் முடுக்குகிறேன். மூன்று முறையில் ஒரு முறையாவது ஏதோ ஒன்று கால் சுற்று தளர்ந்திருக்கும். இந்த வேலையை உன் மருமகனிடம் ஒப்படைத்துவிடாதே, நீயே செய். பேரப்பிள்ளைக்கு உன் கைவேலையைக் கொடுக்க வேண்டும் என்ற உன் ஆசைக்கு இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய தொட்டிலை வெளியே அப்படியே வைத்துவிடாதே. யாரேனும் எடுத்துப்போய்த் தங்கள் குழந்தையைப் படுக்க வைப்பார்கள். அறுத்துத் துண்டாக்குவதும் எரிப்பதும் வேண்டாம், அந்தப் பூச்சின் புகையும் தூளும் நல்லதல்ல. போல்ட்டுகளைக் கழற்றிப் பிரித்து, மறுபடி சேர்க்க முடியாதபடி இணைப்புகளை எறிந்துவிடு. தலைமாட்டுப் பலகையை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால் பழையபடி பரணிலேயே, துணி சுற்றி வை.

புதுத் தொட்டிலைத் தேர்ந்தெடுத்ததும் பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு எழுது. கம்பி இடைவெளி, தொட்டிலின் உள் நீள அகலம், மெத்தையின் நீள அகலம், தளத்தை மிகக் கீழே இறக்கியபின் மேல்சட்டம் வரை உள்ள உயரம், இந்த நான்கு அளவுகளையும் சென்டிமீட்டரில் குறித்து அனுப்பு. அக்காவுக்கும் மகளுக்கும் எங்கள் இருவரின் அன்பைச் சொல்.

என்றும் உன் அன்புள்ள
பழைய நண்பன்